இரண்டு அட்டை மாரப்பன்

இரண்டு அட்டை இருந்தும் ஆபரேஷனுக்குக் காத்துக்கிடந்தவர் கதை இது. மில் வாட்ச்மேன் மாரப்பனுக்கு எழுபத்திரண்டு வயசு, நெஞ்சில் அடைப்பு. அரசாங்கத்தின் முதியோர் காப்பீட்டு அட்டையும் உண்டு, மில் கொடுத்த காப்பீட்டு அட்டையும் உண்டு. வம்பே அதுதான். "முதலில் அரசாங்கம் கொடுக்கட்டும்" என்று ஆஸ்பத்திரிக் கூடத்தில் மில்லுக்கான கவுண்டரில் இருந்த மில் அதிகாரி சபேசன் விறைப்பாகச் சொன்னார். "முதலில் மில் கொடுக்கட்டும், மிச்சத்துக்கு நாங்கள்" என்றது எதிரே இருந்த அரசாங்கக் காப்பீட்டுக் கவுண்டர். மாரப்பன் மனைவி ரங்கம்மாள் ஏழு நடை நடந்தாள்.

எட்டாவது நடையில் சபேசனைக் கும்பிட்டாள். "ஏனுங்க, கோயில் நோம்பியில முதல் பரிவட்டம் உங்க முதலாளிக்குத்தானுங்களே? இங்க மட்டும் அவரு ரெண்டாவதா நிக்கறாருன்னு ஊருல சொல்லிறட்டுங்களா?"

சபேசனுக்குச் சுருக்கென்றது. "எங்க முதலாளி எங்கேயும் ரெண்டாவதா நின்னதில்லை!" என்று கூடமே திரும்பிப் பார்க்கக் கத்தினார்.

"அப்படியே இந்தத் தாள்ல எழுதிக் குடுத்துருங்க சாமி."

கூடம் சிரித்தது. முதலில் மில்லே கொடுக்கும் என்று சபேசன் எழுதிக் கொடுத்தார். மிச்சத்தை எதிர் கவுண்டர் ஏற்றுக்கொண்டது.

ஆபரேஷன் முடிந்து கண்விழித்த மாரப்பன், "முதல்ல என்னைப் பாத்துக்கிட்டது யாரு புள்ள, மில்லா, அரசாங்கமா?" என்றார்.

ரங்கம்மாள் போர்வையை இழுத்துவிட்டாள். "அவங்கெல்லாம் பின்னாலதானுங்க. முதல்ல நானு."