போய்க் கேளுங்க

“எப்சி, எனக்கு ஒண்ணும் கேக்கல” என்றான் ஆசீர்.

திடலின் நடுவில் சவுண்ட் மிக்சர் முன்னால் உட்கார்ந்திருந்த எப்சிபா, ஒரு பொத்தானைக் கொஞ்சம் மேலே தள்ளினாள்.

“அது இல்ல.”

அவள் கையை எடுத்துக்கொண்டாள்.

பாளையங்கோட்டையில் ‘நாலாம் ஜாமம்’ என்று ஒரு இசைக்குழு இருந்தது. இயேசுவைப் பற்றி ராக் பாடுகிறவர்கள். பெயரைக் கேட்டுப் பேய்ப் படம் என்று நினைத்தவர்கள் உண்டு. நடுக்கடலில் தத்தளித்த சீஷர்களிடம் அவர் தண்ணீர்மேல் நடந்து வந்த நேரம் அது என்று எடுத்துச் சொன்னால்தான் புரியும்.

எப்சிபா அந்தக் குழுவைத் தொடங்கியவள். ஆசீர் பாடுகிறவன். பாட்டு எழுதுகிறவனும் அவன்தான்.

வயதில் அவள்தான் இளையவள். அவனை அண்ணே என்றுதான் கூப்பிடுவாள். ஆனால் அவனுக்குச் சுதி பிடிக்கக் கற்றுக்கொடுத்ததே அவள்தான். பாட்டு என்று வந்துவிட்டால் அவள் வைத்ததுதான் சட்டம். அதிகம் பேச மாட்டாள். பேசுகிற நேரத்தில் இன்னொரு தடவை வயரைச் சரிபார்க்கலாம் என்று நினைக்கிற ரகம்.

அன்று சாயங்காலம் ஒரு பள்ளிக்கூடத் திடலில் கச்சேரி. சவுண்ட் செக் அப்போதுதான் முடிந்திருந்தது. வெயில் இன்னும் இறங்கவில்லை. மற்றவர்கள் ரோட்டுக்கு அந்தப் பக்கம் டீக்கடைக்குப் போய்விட்டார்கள்.

“இன்னைக்கோட நான் நிறுத்திக்கிடுதேன்” என்றான் ஆசீர்.

அவள் ஏன் என்று கேட்கவில்லை. அதனால் அவனே சொன்னான்.

பதினோரு வருஷமாகப் பாடுகிறான். முன்பெல்லாம் கண்ணை மூடிப் பாடினால் யாரோ கேட்டுக்கொண்டிருப்பது தெரியும். இப்போது தெரியவில்லை. கைதட்டுகிறார்கள். அதுவும் பழக்கத்தில் தட்டுகிறார்கள். ஜெபம் பண்ணினாலும் அப்படித்தான். மணி அடிக்கிறது, அந்தப் பக்கம் ஃபோனை எடுக்க ஆள் இல்லை. நம்பாததை நம்புகிற மாதிரி மேடையில் நின்று பாடுவது ஊரை ஏமாற்றுகிற வேலை. அது தன்னால் ஆகாது.

“கீழயும் யாரும் கேக்கல. மேலயும் யாரும் கேக்கல.”

விளையாட்டுக்குச் சொல்லவில்லை அவன்.

எப்சிபா அவன் பக்கம் திரும்பினாள்.

“நம்ம பாட்ட நீங்க முதல்ல எங்க கேட்டிய?”

ஆசீருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. “நான்லா பாடுதேன்.”

“சரி. வெளிய ஆள் வந்து நிக்கு. அவங்க முதல்ல எங்க கேட்டாங்களாம்? போய்க் கேளுங்க.”

“எதுக்கு?”

அவள் ஹெட்ஃபோனை எடுத்து மாட்டிக்கொண்டாள். பேச்சு முடிந்தது என்று அர்த்தம்.

ஆசீர் வாசலுக்குப் போனான்.

கேட்டை இன்னும் திறக்கவில்லை. மதிலோரமாக ஜனங்கள் நின்றிருந்தார்கள். தன்னைப் பார்த்ததும் சூழ்ந்துகொள்வார்களே, எப்படிச் சமாளிப்பது என்று யோசித்துக்கொண்டே போனவன் அவன். ஆனால் போஸ்டரில் இருந்த ஆசீருக்குத் தாடியும் தோள்வரை முடியும் இருந்தன. இந்த ஆசீர் போன வாரம்தான் எல்லாவற்றையும் எடுத்திருந்தான். முதலில் வந்த பெரியவர் ஸ்கூட்டரை எங்கே நிறுத்துவது என்று அவனிடம் கேட்டார். அவன் நிறுத்த இடம் காட்டினான். அதற்குள் பின்னால் இரண்டு வண்டிகள் வந்துவிட்டன. அவற்றுக்கும் காட்டினான்.

ஸ்கூட்டர்காரர் சாகுல் பாய். மேலப்பாளையத்துப் பக்கம் பரோட்டாக் கடை வைத்திருக்கிறவர். இந்தக் குழுவின் பாட்டை முதலில் எங்கே கேட்டீர்கள் என்று ஆசீர் கேட்டதும் அவருக்கு முகம் மலர்ந்துவிட்டது.

கடைக்குப் பின்னால் ஒரு சர்ச் ஹால். அங்கே இவர்கள் ஒத்திகை பார்ப்பார்கள். சத்தம் தாங்காமல், போய் நாலு வார்த்தை கேட்டுவிட்டு வருவோம் என்று ஒருநாள் அவர் வேட்டியை மடித்துக் கட்டியிருக்கிறார். பரோட்டாக் கல்லுப் பக்கம் திரும்பிப் பார்த்தால், கடை மாஸ்டர் கொத்துப் பரோட்டாவை அந்த டிரம்ஸ் தாளத்துக்குக் கொத்திக்கொண்டிருக்கிறார். அது மாஸ்டருக்கே தெரியவில்லை. சாப்பிட உட்கார்ந்திருந்தவர்களெல்லாம் மேஜையில் விரலால் தட்டிக்கொண்டிருந்தார்கள். பாய் மடித்துக் கட்டிய வேட்டியை இறக்கிவிட்டுக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டார். கச்சேரி நாளில் இப்போது கடைக்கு லீவு.

பாடுகிறவர் எப்படி என்று ஆசீர் மெதுவாகக் கேட்டுப் பார்த்தான்.

பாய் யோசித்தார். “பாடுவாங்க, பாடுவாங்க” என்றார்.

அடுத்தது ஒரு கல்லூரிப் பெண். அவள் பஸ் வண்ணார்பேட்டை சிக்னலில் நின்றபோது பக்கத்தில் நின்ற ஆட்டோவில் இந்தப் பாட்டு ஓடியிருக்கிறது. பச்சை விழுந்ததும் ஆட்டோ இடப்பக்கம் திரும்பிவிட்டது, பஸ் நேரே போய்விட்டது. கையில் கிடைத்தது ஒரு வரி. அதையும் அவள் சரியாகக் கேட்கவில்லை. ‘கரை தெரியல’ என்பதைக் ‘கடை தெறக்கல’ என்று எடுத்துக்கொண்டு, கடை திறக்காததற்கு எதற்கு இப்படி உருகுகிறார்கள் என்று மாசக்கணக்கில் தேடியிருக்கிறாள். பாட்டு கிடைத்துவிட்டது. ஆனால் இன்றைக்கும் அவள் வாயில் கடை திறக்கவில்லை என்றுதான் வருகிறதாம். அதைச் சொல்லிவிட்டு அவளே சிரித்தாள்.

பாடுகிறவரைப் பற்றி அவளும் ஒன்றும் சொல்லவில்லை.

ஆசீர் திரும்பி வந்தான். முகம் இறங்கியிருந்தது.

“கேட்டேன்” என்றான்.

எப்சிபா ஹெட்ஃபோனை ஒரு காதிலிருந்து மட்டும் விலக்கினாள்.

“ஒருத்தருக்கு டிரம்ஸ்தான் கேட்டிருக்கு. இன்னொருத்திக்கு ஒரு வரிகூட ஒழுங்காக் கேக்கல. என்னைய ஒருத்தரும் சொல்லல.”

“சவுண்ட் செக்ல என்ட்ட நீங்க என்ன கேப்பிய?”

பாடுகிறவனின் காலடியில், அவனைப் பார்த்தபடி ஒரு ஸ்பீக்கர் பெட்டி வைப்பார்கள். மானிட்டர் என்று பெயர். மேடையில் நிற்கிறவனுக்கு அதில் வருவதுதான் கேட்கும். திடலில் இருக்கிறவர்களுக்குக் கேட்கிற பாட்டு அவனுக்குக் கேட்காது.

“மானிட்டர்ல என் வாய்ஸ ஏத்தச் சொல்லுவேன்” என்றான் ஆசீர்.

“வேற?”

அவன் யோசித்துப் பார்த்தான். பதினோரு வருஷத்தையும் யோசித்துப் பார்த்தான்.

“வேற ஒண்ணும் கேட்டதில்ல.”

“அப்ப நீங்க இன்னும் கேக்கலண்ணே. போய்க் கேளுங்க.”

“கேட்டுட்டுத்தான வந்தேன்?”

ஹெட்ஃபோன் பழையபடி காதுக்குப் போய்விட்டது.

ஆசீருக்குக் கோபம் வந்தது. ஆனால் கால் வாசலுக்குத்தான் போனது. அவள் சொல்லை மீறிப் பழக்கம் இல்லை.

மதிலை ஒட்டி, வேப்பமர நிழலில் ஒரு பெண் தனியாக நின்றிருந்தாள். நாற்பது வயதிருக்கும். பெயர் இசக்கியம்மாள். ஒரு ஆஸ்பத்திரியில் தீவிர சிகிச்சைப் பிரிவில் நர்ஸ். டியூட்டி முடிந்து நேரே வந்திருந்தாள். அவளிடமும் அதையே கேட்டான்.

“நான் பாட்டாக் கேக்கல தம்பி” என்றாள் அவள். “போன் மணியாத்தான் கேட்டேன்.”

ரோட்டில் அடிபட்ட ஒருவரைக் கொண்டுவந்து சேர்த்திருக்கிறார்கள். நினைவில்லை. கூட யாரும் இல்லை. அவருடைய ஃபோன் கண்ணாடி நொறுங்கி, எடுத்தாலும் பேச முடியாமல் கிடந்தது. அது மட்டும் விடாமல் அடித்தது. வீட்டிலிருந்து யாரோ கூப்பிட்டுக்கொண்டே இருந்திருக்கிறார்கள்.

“கரை தெரியல, கடல் அடங்கல, இருட்டுல கூப்பிட்டது நானான்னு வரும். அந்த எடத்துல நின்னுரும். மறுபடி மொதல்ல இருந்து. மறுபடி நானான்னு வந்து நிக்கும். அவரு கண்ணத் தெறக்காமக் கெடக்காரு. பக்கத்துல இது கூப்பிட்டுக்கிட்டுக் கெடக்கு. எனக்கு நெஞ்சு அடைக்கும். அதுக்கு மேல என்னதான்னு சொல்லித் தொலையேன்னு இருக்கும்.”

“பொழச்சாரா?”

“இல்ல.”

ரோட்டில் ஒரு பஸ் போனது. சத்தம் அடங்கியதும் அவள் தொடர்ந்தாள்.

“மவன் வந்து சேந்தான். எல்லாம் முடிஞ்சி படிக்கட்டுல உக்காந்திருந்தான். நான் வெக்கத்த விட்டுப் போய்க் கேட்டேன். ஏய்யா, ஒங்கப்பா போன்ல ஒரு பாட்டு கெடந்துச்சே, நானான்னு நிக்குமே, அதுக்கு அடுத்தது என்னன்னு. அவன் போன்ல போட்டுக் காட்டுனான். நானும் அந்தப் படிக்கட்டுலயே உக்காந்துட்டேன்.”

“அடுத்தது என்ன?” என்றான் ஆசீர். அவன் எழுதிய பாட்டுதான்.

“நீயான்னு வந்துச்சு. அவ்வளவுதான். ஒரே ஒரு வார்த்த.”

அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

“எங்க வீட்டுல வேற சாமி தம்பி. இதெல்லாம் எனக்குப் பழக்கமில்ல. ஆனா அன்னைக்கு அந்தப் படிக்கட்டுல, எனக்கும் அந்தப் பையனுக்கும் நடுவுல யாரோ உக்காந்திருந்தாங்க. அத எப்பிடிச் சொல்லன்னு எனக்குத் தெரியல.”

அந்த வார்த்தை எப்படி வந்தது என்று அவனுக்குத் தெரியும். மெட்டின் கடைசியில் கொஞ்சம் இடம் மிச்சமிருந்தது. வேனில் போகும்போது, அதை நிரப்ப ஏதாவது வேண்டுமே என்று போட்டான். அதற்குமேல் அதைப் பற்றி அவன் நினைத்ததே இல்லை.

உள்ளே எப்சிபா தன் வழக்கமான வேலையைத் தொடங்கினாள்.

சவுண்ட் செக்கில் பாடுவதை எல்லாம் அவள் பதிவு செய்துகொள்வாள். ஆட்கள் டீ குடிக்கப் போனபின் அதைத் திடலில் ஓடவிட்டு, மூலைமூலையாக நடந்து கேட்டுச் சரிபார்ப்பாள். ஆசீர் அதற்கு ஒருநாளும் நின்றதில்லை. அந்த நேரம் அவன் வேனில் படுத்துவிடுவான். பதிவில் தன் பாட்டைக் கேட்டால் அவனுக்குப் பிழை மட்டும்தான் கேட்கும்.

மதிலுக்கு அந்தப் பக்கமிருந்து பாட்டு எழுந்தது.

ஆசீர் திடுக்கிட்டு எதிர்ப்பக்கம் பார்த்தான். டிரம்ஸ் வாசிக்கிற செல்வின் டீக்கடை வாசலில் வடையைப் பிய்த்துக்கொண்டிருந்தான். கிடார்காரன் அவன் பக்கத்தில் இருந்தான். எல்லோரும் அங்கேதான் இருந்தார்கள்.

ஆனால் உள்ளே பாட்டு நடந்துகொண்டிருந்தது.

ஜனங்கள் பேச்சை நிறுத்தினார்கள். சாகுல் பாயின் விரல்கள் ஸ்கூட்டர் சீட்டில் தட்டத் தொடங்கின. அந்தப் பெண் கடை திறக்கவில்லை என்று தனக்குள் பாடினாள். இசக்கியம்மாள் மதிலைப் பார்த்துத் திரும்பிக் கண்ணை மூடிக்கொண்டாள்.

அது களைத்துப்போன ஒரு குரல். நம்பிக்கை விட்டுப்போன ஒருவன் பாடுகிற மாதிரி இருந்தது. ஆனாலும் அந்தக் குரலுக்குள் வேறு ஏதோ வந்துகொண்டிருந்தது. பாடுகிறவனுக்கு அது தெரியாது என்று ஆசீருக்குத் தோன்றியது. ஐயோ, அவனுக்குத் தெரியாதே, யாராவது அவனிடம் போய்ச் சொல்ல வேண்டுமே என்று மனசு பதறியது.

கரை தெரியல, கடல் அடங்கல.

இருட்டுல கூப்பிட்டது நானா.

பாட்டு அங்கே ஒரு மூச்சு நேரம் நின்றது. அடுத்த வார்த்தை ஆசீருக்கு மறந்துபோயிற்று. எழுதியவனுக்கு மறந்துபோயிற்று. இரண்டு கையாலும் கேட்டின் கம்பியைப் பிடித்துக்கொண்டு, அந்த ஒரு வார்த்தைக்காக அவன் காத்து நின்றான்.

வந்தது.



“யாரு பாடுதாங்க, அக்கா?” என்றான்.

இசக்கியம்மாள் கண்ணைத் திறந்து அவனை ஆச்சரியமாகப் பார்த்தாள்.

“என்ன தம்பி, முத தடவையா கேக்கிய?”

கண்ணீர் கன்னத்தில் இறங்குவதை ஆசீர் துடைக்கவில்லை.

“ஆமாக்கா” என்றான்.