பைன் மரத்தடியில் காளான் குடை பிடித்த கதை

மரமும் மண்ணும் மனிதரோடு வாய்விட்டுப் பேசிய அந்தக் காலத்தில், மலைச்சரிவு ஒன்றில் மாதியும் அவள் கணவன் பெள்ளியும் குடியிருந்தார்கள். ஒரு மழையில் சரிவு பெயர்ந்து அவர்கள் மாட்டுக்கொட்டகையை வாரிக்கொண்டு போனது. அடுத்த மழைக்கு வீடும் போய்விடும் என்று மாதி பயந்தாள். மண்ணைப் பிடித்து நிறுத்த, மலைமுகட்டுக்கு அப்பாலிருந்த காட்டில் பைன் கன்றுகளைப் பிடுங்கி வந்தாள். வேர்களை ஓடையில் பளிச்சென்று கழுவி, வீட்டுக்கு மேலே வரிசையாக நட்டாள்.

கொஞ்ச நாளில் கன்றுகளின் ஊசியிலைகள் நுனியிலிருந்து மஞ்சளடித்தன.

"பூச்சிதான். புகை போடலாம்" என்றான் பெள்ளி.

மாதி ஒவ்வோர் இலையாகப் புரட்டினாள். முட்டையும் இல்லை, கடித்த தடமும் இல்லை. தண்ணீர் ஊற்றினாள், மஞ்சள் அடிவரைக்கும் இறங்கியது. கடைசியில் ஒரு கன்றின் பக்கத்தில் உட்கார்ந்து, "உனக்கு என்னதான் செய்யுது?" என்று கேட்டாள்.

"பசிக்குது. சாப்பாடு சுத்தியும் கிடக்கு. ஊட்டிவிடத்தான் ஆளில்லை."

அவள் கன்று பிடுங்கிய காட்டுக்கே ஓடினாள். பெரிய பைன் மரத்தடியைக் கிளறியபோது, வேர்களைச் சுற்றி வெள்ளை நூல்போல என்னவோ பின்னிக் கிடந்தது.

"மூடு, கண் கூசுது!" என்றது அது. அதுதான் காளான். அதுவரை மண்ணுக்கு மேலே அது தலைகாட்டியதே இல்லை. "வேருக்கு ஊட்டிவிடுறது நாங்கதான். நீதான் எங்க ஆளுங்களை ஓடையில கழுவி விட்டுட்டியே."

மாதி கையால் அதற்கு நிழல் பிடித்தாள். "தெரியாம செஞ்சுட்டேன். நீ வா. நீ வரலைன்னா கன்னுங்க செத்துப்போகும்."

"வெயில் பட்டா நான் காய்ஞ்சிடுவேனே!"

மாதி தன் முக்காட்டுத் துணியை ஓடையில் நனைத்தாள். காளானை அதன் மண்ணோடு பொதிந்து, நெஞ்சோடு அணைத்து, வெயிலுக்கு முதுகைக் கொடுத்துக்கொண்டே முகட்டைத் தாண்டினாள். வழியில் காளான் முனகியபோதெல்லாம் தன் குடிநீரை அதற்கு ஊற்றினாள். கன்று ஒவ்வொன்றின் காலடியிலும் காளான் பின்னிய அந்த மண்ணில் ஒரு பிடி வைத்தாள்.

வெளுத்த இலைகள் உதிர்ந்து பச்சை துளிர்த்தது. பெருமழை கொட்டியது. சரிவு அசையவில்லை. மாதி ஈரமண்ணில் நெற்றி வைத்துக் கும்பிட்டாள். "என் வீட்டைக் காப்பாத்தினே சாமி. உனக்கு என்ன வேணும்?"

"இந்த மழையை ஒரு தடவை பாக்கணும். ஆனா வெளிச்சத்தை நினைச்சா பயமா இருக்கு" என்றது காளான்.

"நீ ஊட்டி வளர்ந்தவங்க நாங்க. உதிர்ற இலையையெல்லாம் உனக்குப் போர்வையா விரிக்கிறோம்" என்றன பைன்கள்.

"தலைக்கு ஒரு குடையும் பிடிச்சுக்கோ" என்றாள் மாதி.

காளான் மெல்ல எட்டிப் பார்த்தது.

அந்த மழை தொட்டுத்தான் பைன் மரத்தடியில் உதிர்ந்த இலைகளை விலக்கிக்கொண்டு காளான்கள் குடையோடு எழுகின்றன. பைன் கன்று நடுகிறவர்களும் தாய்மரத்தடி மண்ணை ஒரு பிடி கூடவே எடுத்துப் போகிறார்கள்.