பாதி மீசையும் மூன்றாம் வரியும்

ஏழூர்க்கோட்டை மன்னர் வீரமல்லருக்கு இரண்டே பெருமைகள். காதைத் தொடும் மீசை, சொன்னதை மாற்றாத வாய். அவர் பேசினால் தொண்டைக்குள் அண்டா உருளுகிற மாதிரி இருக்கும்.

ஒருநாள் அரண்மனைப் பள்ளிக்கூடத்துக்குள் நுழைந்தார். ஒரு பையன் ஓலையில் தான் எழுதிய வரியை எழுத்தாணியால் கீறி அடித்துவிட்டு, வேறு வரி எழுதிக்கொண்டிருந்தான். அண்டா உருண்டது.

“இனி எல்லாம் ஒரே தடவைதான். அடித்து எழுதுகிறவன் யானைக் கொட்டடியில் லத்தி அள்ளட்டும். பௌர்ணமிக்குள் ஆளுக்கொரு கட்டு ஓலை என்னைப் புகழ்ந்து எழுதணும். இல்லையென்றால் இந்தக் கூடம் யானைக்குக் குளியலறை.”

அப்புறம் யார் எழுதுவார்கள்? ஒரு சிறுமி மட்டும் ‘மன்னர்’ என்று எழுதினாள். அடுத்த சொல் தப்பாகிவிடுமோ என்று எழுத்தாணியைப் பிடித்தபடியே உறைந்துபோனாள். அவளுக்குச் சோறு ஊட்டிவிட வேண்டியிருந்தது.

பள்ளிக்கூடம் போய்விடுமே என்று வாத்தியார் அழுதுகொண்டே மந்திரி குப்பாண்டியிடம் ஓடினார். குப்பாண்டி மன்னரிடம் போய், தேனில் விழுந்த கொசு மாதிரி மெல்லிய, இனிப்பான குரலில் கேட்டார்: “இந்தச் சட்டம் பிள்ளைகளுக்கு மட்டுமா வேந்தே, அரண்மனைக்கும் உண்டா?”

“அண்ட சராசரத்துக்கும் உண்டு.”

மறுநாள் பக்கத்து நாட்டு இளவரசி மன்னரை மாப்பிள்ளை பார்க்க வருகிறாள். காலையில் சமையல்காரர் முதல் தோசையைக் கொண்டுவந்தார். கல்லில் ஒட்டிப் பிய்ந்த கந்தல். இன்னொன்று கேட்டதற்கு, ஒரே தடவைதான் என்று பணிவாகச் சொல்லிவிட்டார். தலைப்பாகை ஒரு கண்ணை மூடியது. அப்படியே விட்டார்கள். கடைசியில் சவரக்காரர் மருதன் மீசையை ஒதுக்கும்போது தும்மினார். வலது பக்கம் பாதி போச்சு. கத்தரியைக் கீழே வைத்துக் கைகட்டி நின்றார்.

“இடது பக்கத்தையும் குறைத்துச் சமமாக்கு.”

“வெட்டினது வெட்டினதுதான் வேந்தே. எனக்கு லத்தி வாடை ஒத்துக்காது.”

வாசலில் பல்லக்கு வந்து நின்றது. மன்னர் எழுத்தரைக் கூப்பிட்டார்.

“எழுது. இனி யாரும் எதையும் மாற்றலாம்.”

தளபதி மெதுவாகப் போய்ச் சிம்மாசனத்தில் உட்கார்ந்து பார்த்தார்.

“அதை அடி. மீசையை மட்டும் மாற்றலாம்.”

பசியில் மன்னரின் வயிறு உறுமியது. பள்ளிக்கூடத்தைக் காட்டிக் குப்பாண்டி இருமினார்.

“அதையும் அடி. எழுதுவதோ, சுடுவதோ, வெட்டுவதோ, முதலில் கோணலாக வந்தால் மறுபடியும் செய்யலாம். பௌர்ணமிக்கு ஆளுக்கு ஒரே ஓலை போதும்.”

ஓலை முழுக்கக் கீறல். எழுத்தர், புது ஓலையில் சுத்தமாக எழுதித் தரட்டுமா என்றார்.

குப்பாண்டி அதைப் பிடுங்கிக்கொண்டார். “வேண்டாம் ஐயா. இப்படியே பள்ளிக்கூடத்தில் மாட்டுகிறேன். மன்னருக்கே மூன்றாம் தடவைதான் நல்லா வந்ததென்று பிள்ளைகள் பார்க்கட்டும்.”

மன்னர் சிரித்தார். இடது மீசை மட்டும் ஆடியது.