வடக்கே போன கிளைக்கிணறு

கீழைமங்கலத்து ராஜா வீரகேசரிக்குத் தெரியாத விஷயம் குறைவு. தெரிந்துகொள்ள வேண்டாம் என்று அவர் முடிவு செய்த விஷயங்கள்தான் அதிகம். அரண்மனைத் தோட்டத்துப் பாழுங்கிணறு அதில் ஒன்று.

அவருடைய தகப்பனார் காலத்தில் அந்தக் கிணற்றில் கறுப்பெண்ணெய் ஊறியது. தீவட்டிக்கு ஆகும், படகுக்குப் பூச ஆகும். பிறகு வற்றிவிட்டது. வாயில் பலகை போட்டு மூடினார்கள். முப்பது வருஷம் கழித்து, பிரதானி மார்த்தாண்டர் பலகையை நீக்கி ஆளை இறக்கினார். புதுக் கிணறு வெட்டவில்லை. பழைய கிணற்றின் அடியில், பக்கச் சுவரில் சன்னல்போல ஒரு திறப்பு வைத்து, ஆள் தவழ்ந்து போகிற அகலத்துக்கு மண்ணுக்குள்ளேயே ஒரு கிளை வெட்டினார். அடுத்த மாதத்திலிருந்து எண்ணெய் இறைக்கும் கமலை மாடுகளுக்கு ஓய்வில்லை. அத்தனை எண்ணெய்.

அதே மாதம் மதிலுக்குக் கிழக்கே தீவட்டிப்பேட்டைக் கிணறு வற்றியது. அந்தப் பேட்டைக்கே அந்த ஒரு கிணற்று எண்ணெய்தான் பிழைப்பு.

காத்தாயி என்கிற பேட்டைக்காரி சபைக்கு வந்தாள். அவள் கொண்டுவந்த புகார் ஓலையை அம்பலவாணன் வாசித்தான். சபையில் ஓலை வாசிப்பது அவன் உத்தியோகம். வாசித்ததோடு வாயை மூடிக்கொள்வதும் அதில் சேர்த்தி. அதுதான் அவனுக்கு வருவதில்லை.

"மகாராசா, உங்க கிணத்துக்கு வாய்தான் உங்க தோட்டத்துல இருக்கு. கை எங்க அடுப்பங்கரையில இருக்கு" என்றாள் காத்தாயி.

அம்பலவாணன் சிரித்துவிட்டான்.

ராஜா பிரதானியைப் பார்த்தார். "அவரவர் மண்ணுக்கு அடியில் ஊறுவது அவரவருக்கு என்று என் பாட்டனார் செப்பேடே எழுதி வைத்திருக்கிறார். நம் கிளை எந்தப் பக்கம் போகிறது?"

"வடக்கே, மகாராஜா! ஒரு முழம்கூட மதிலைத் தாண்டவில்லை. இவர்கள் கிணறு வற்றியது இவர்கள் செய்த பாவம்" என்றார் மார்த்தாண்டர். பிறகு அம்பலவாணன் பக்கம் திரும்பினார். "ஓலைக்காரருக்குச் சிரிப்பு வருகிறதே. கிழக்கே போகிறது என்று அவரே நிரூபிக்கட்டும். மண்ணைத் தோண்டக்கூடாது. ராஜ கிணற்றில் வேற்றாள் இறங்கக்கூடாது."

ராஜாவுக்கு இது பிடித்துப்போனது. "விளக்கு வைப்பதற்குள் நிரூபி. முடியாவிட்டால் பொய்ப் புகார் சொன்ன பேட்டை மொத்தமும் ஊரைவிட்டுப் போக வேண்டும். நீயும் கூடப் போ. வழியில் அவர்களுக்கு ஓலை வாசித்துக் காட்டலாம்."

சபை சிரித்தது. காத்தாயி அம்பலவாணனை ஒரு பார்வை பார்த்தாள். உன்னை யாரய்யா சிரிக்கச் சொன்னது என்கிற பார்வை. அவன் யோசித்தான். மண்ணுக்கு அடியில் இருப்பதைத் தோண்டாமல் எப்படிப் பார்ப்பது? பார்த்தவர் ஒருவர் எதிரே நிற்கிறார் என்பது அப்போதுதான் உறைத்தது.

"விளக்கு வைக்கிறவரை எதற்கு?" என்றான். "பிரதானி சொல்வதை நான் அப்படியே நம்புகிறேன். வடக்கேதான். எவ்வளவு தூரம், ஐயா?"

மார்த்தாண்டருக்குத் தன் வேலையைப் பற்றிப் பேசக் கசக்குமா? "முந்நூற்று எண்பது முழம். இந்தத் தேசத்தில் எவனும் வெட்டியதில்லை!"

"ஆச்சரியம். எத்தனை பேர் இறங்கினார்கள்?"

"நாற்பது பேர். தினமும் நானே தவழ்ந்து போய் நுனிவரை பார்த்துவிட்டு வருவேன்."

"இந்த வயதில்! நேராகவே போகிறதா?"

"நூல் பிடித்த மாதிரி."

அம்பலவாணன் ராஜாவிடம் திரும்பினான். "மகாராஜா, கிணற்றிலிருந்து வடக்கே முந்நூறு முழத்தில் என்ன இருக்கிறது?"

ராஜா மனதுக்குள் தோட்டத்தில் நடந்து பார்த்தார். பாதி வழியில் முகம் மாறியது.

"அந்தப்புரம்."

"முந்நூற்று எண்பதில்?"

ராஜா பிரதானியின் பக்கம் திரும்பினார்.

"மகாராணியார் நீராடும் மண்டபம் என்று கேள்வி" என்றான் அம்பலவாணன் பணிவாக. "அதன் எல்லைக்குள் ஆண்வாடை பட்டால் சிரச்சேதம் என்பது தங்கள் ஆணை. மேலே நடந்தால் மட்டும், கீழே தவழ்ந்தால் பரவாயில்லை என்று அதில் எழுதவில்லை. நாற்பது பேரும் பிரதானியும். நாற்பத்தொன்று."

"மார்த்தாண்டரே" என்றார் ராஜா. குரல் மெல்ல வந்தது. அவர் கத்தினால் பயமில்லை.

பிரதானி தரையில் விழுந்தார். "மகாராஜா! வடக்கே இல்லை! கிழக்கே! சத்தியமாகக் கிழக்கே! மதிலைத் தாண்டி, பேட்டைக் கிணற்றுக்கு நேர் அடியில் போய் நிற்கிறது. நானே முழக்கோல் வைத்து அளந்தேன். வேண்டுமானால் ஆளை இறக்கிப் பாருங்கள்!"

"ஆளை இறக்கக்கூடாது என்று ஐயாதானே சொன்னீர்கள்?" என்றான் அம்பலவாணன்.

"ஒரு முழம்கூட மதிலைத் தாண்டலைன்னீங்களே" என்றாள் காத்தாயி. "எண்ணெய் எடுத்தது எங்க மண்ணுலதான். நீங்களே சொல்லிட்டீங்க, சாமி."

அன்று பொழுது சாய்வதற்குள் கிளையின் வாயைக் கல்லும் களிமண்ணும் வைத்து அடைத்தார்கள். கிடங்கில் இருந்த எண்ணெய் முழுதும் தோற்பைகளில் பேட்டைக்குப் போனது. பைகளைச் சுமந்தவை பிரதானியின் சொந்த மாடுகள். அவை திரும்பி வரவில்லை; யாரும் கேட்கவும் இல்லை.

ராஜா தன் தோளில் கிடந்த சரிகைச் சால்வையை எடுத்து அம்பலவாணனுக்குப் போர்த்தினார். ஆனாலும் அவருக்கு ஒன்று குடைந்துகொண்டிருந்தது.

"அந்த ஆள் வடக்கே என்று சொன்னதால் பிழைத்தாய். தெற்கே என்றிருந்தால்?"

"தெற்கே தங்கள் பள்ளியறை, மகாராஜா. ராஜா தூங்கும் இடத்துக்கு அடியில் சுரங்கம் வெட்டியவனை என்ன செய்வீர்கள்?"

"மேற்கே என்றிருந்தால்?"

"மேற்கே கஜானா. அதற்கு அடியில் முந்நூற்று எண்பது முழம் தவழ்ந்தவர் எண்ணெய்க்காகத்தான் போனேன் என்றால் நம்புவீர்களா?"

"அப்படியானால் எந்தப் பக்கம் சொன்னாலும் மாட்டியிருப்பான்!"

"வெட்டும்போதே அவர் அதை யோசித்திருப்பார், மகாராஜா. மதிலுக்குள் எந்தப் பக்கம் போனாலும் தலைக்கு மேலே தாங்கள் இருக்கிறீர்கள். தலைக்கு மேலே யாருமே இல்லை என்று அரண்மனைக்குத் தோன்றிய ஒரே இடம் தீவட்டிப்பேட்டைதான்."

ராஜா சிரித்தார். சிரிப்பு வரக் கொஞ்சம் நேரம் ஆயிற்று.