வழுக்குப் பாறை

பேராசிரியர் ஆராவமுதனுக்கு ஒரு பெருமை உண்டு. அவர் நடத்தும் கணக்குப் பாடத்தில் பாதி வகுப்பு தேறாது. "பல்கலைக்கழகப் படிப்புன்னா சும்மாவா?" என்று மீசையைத் தடவிக்கொள்வார்.

சமுதாயக் கல்லூரியில் இரண்டு வருஷம் படித்துவிட்டு, நேரே பல்கலைக்கழகத்தின் மூன்றாம் ஆண்டில் சேர வேண்டுமென்று அவர் முன்னால் வந்து நின்றாள் இசக்கியம்மாள். துறைத் தலைவி சகாயமேரியும் பக்கத்தில் இருந்தார்.

"உங்க கல்லூரியில எல்லாரும் பாஸாமே! ஒரே கேள்விதான். எது கஷ்டம், உங்க படிப்பா, எங்க படிப்பா? எங்களுதுன்னா உன்னால தாங்க முடியாது, வீட்டுக்குப் போ. உங்களுதுன்னா பொய் சொல்ற, அப்பவும் போ" என்றார் ஆராவமுதன்.

இசக்கியம்மாள் பணிவாகவே சொன்னாள். "ரெண்டும் ஒரே வழுக்குப் பாறைதான் சார். எங்கெங்கே கால் வழுக்கும்னு எங்க வாத்தியாருக்கு அத்துப்படி. கையைப் பிடிச்சு ஏத்திவிட்டார், நாங்க விழல."

"அவ்வளவு பெரிய மேதையா அவர்?"

"இல்ல சார். உங்ககிட்ட மூணு தடவை பெயிலாகி, நாலாவது தடவை தேறினவர்."

சகாயமேரி வாய்விட்டுச் சிரித்தார். "மூன்றாம் ஆண்டிலேயே சேர்ந்துக்கோம்மா" என்று அங்கேயே கையெழுத்தும் போட்டார்.

ஆராவமுதன் தொண்டையைச் செருமினார். "அவரை ஒருநாள் இங்கே கூட்டிட்டு வா. எங்கே வழுக்குதுன்னு நானும் கேட்டுக்கறேன்."

வெளியே வந்ததும் இசக்கியம்மாள் வாத்தியாருக்குப் போன் போட்டாள்.

"சார், எனக்கு இடம் கிடைச்சிருச்சு. உங்களுக்கு இந்தத் தடவை முதல் வகுப்பு!"