சின்னச்சாமி ஏணி ஏறிய கதை

காங்கேயத்துக்குப் பக்கத்தில் ஒரு சின்ன மடம். அதில் இருந்தவருக்கு வயது நாற்பதுதான் இருக்கும். ஊர் அவரைச் சின்னச்சாமி என்று கூப்பிடும். சீடர்கள் என்று பெரிய கூட்டமெல்லாம் அவருக்குக் கிடையாது. இருந்த நாலைந்து பேரில் அர்த்தநாரி ஒருவர். வயது அறுபத்தேழு. சாமிக்கு அப்பா வயசு. ஆனாலும் உட்காருங்கள் என்று சொன்னால்தான் எதிரில் உட்காருவார்.

அர்த்தநாரி வேலை பார்த்த காலத்தில் தென்காசிக்கு மாற்றலாகிப் போனவர். அங்கேயே பெண் பார்த்துக் கட்டிக்கொண்டு வந்தார். உலகம்மாள் என்று பெயர். முப்பத்தெட்டு வருஷம் காங்கேயத்தில் குடியிருந்தும் அந்த அம்மாள் பேச்சில் தென்காசி இம்மியும் குறையவில்லை. அக்கம்பக்கத்தார் கேலி பண்ணிப் பார்த்தார்கள். ம்ஹூம், மசியவில்லை. போன வருஷம் ஆடி மாசம் அந்த அம்மாள் போய்ச் சேர்ந்தார். அதற்குப் பிறகு அந்த வீட்டில் சத்தம் என்று ஒன்றும் இல்லை.

ஒருநாள் காலை சாமி அர்த்தநாரி வீட்டுக்குச் சாப்பிட வந்தார். கரண்ட் போயிருந்தது. அர்த்தநாரி விசிறியால் வீசிக்கொண்டே நாலு இட்லி வைத்தார். சாமி கை கழுவிவிட்டு வந்து உட்கார்ந்ததும், அர்த்தநாரி இத்தனை நாள் தொண்டையில் நின்றதைக் கேட்டே விட்டார்.

"சாமி, அவ கொரலு மறந்து போச்சுங்க."

சாமி இட்லியைப் பிட்டார்.

"மொகம் இருக்குதுங்க. சிரிச்சது, மொறச்சது எல்லாம் அப்படியே இருக்குது. கொரல் மட்டும் வரமாட்டேங்குது. கண்ண மூடி உக்காந்து, அவ சாப்பிடக் கூப்பிடறாப்ல நெனச்சுப் பாக்கறனுங்க. வார்த்தை வருது. ஆனா அது எங் கொரல்லயே வருதுங்க."

"செல்போன்ல எதுவும் இல்லையா?"

"பேத்தி காதுகுத்து வீடியோ ஒண்ணு இருக்குதுங்க. அதுல பேசறா. வாய் அசையுது. மேளக்காரன் உட்டாத்தானே? ஊதித் தள்ளீட்டான்."

சிரிக்கத்தான் பார்த்தார் அர்த்தநாரி. முடியவில்லை. துண்டை எடுத்து மூக்கைத் துடைத்துக்கொண்டார். அந்த வீடியோவை அவர் போடாத நாள் கிடையாது. போனைக் காதோடு காதாக வைத்துக் கேட்பார். நாயனத்துக்கு நடுவில் ஒரே ஒரு சொல்லாவது தப்பி வந்துவிடாதா என்று மனசு கிடந்து அடித்துக்கொள்ளும். பேத்தி அழுகிற சத்தம்கூட வரும். உலகம்மாள் குரல் வராது.

"ஒருக்காக் கேட்டாப் போதுமுங்க. ஒரே ஒருக்கா. அதுக்கு ஏதாச்சும் வழி சொல்லோணும் சாமி."

சாமி அண்ணாந்து பார்த்தார்.

"ஃபேன்ல என்ன இவ்வளவு தூசி?"

அர்த்தநாரிக்குச் சுருக்கென்றது. மனுசன் உயிரைக் கொட்டிக் கேட்கிறான், இவர் என்னடாவென்றால் தூசியைப் பார்க்கிறாரே!

"அவ போனதுக்கப்பறம் தொடைக்கலீங்க," என்றார். "நான் ஏறுவேன், அவ ஏணியப் புடிச்சுக்குவா. இப்ப யாரு இருக்கறாங்க?"

"ஏணி எங்க இருக்கு?"

"ஐயோ, நீங்க போயி ஏறறதாவது..."

"கொண்டாங்க."

சமையலறைக் கதவுக்குப் பின்னால் இருந்த அலுமினிய மடக்கு ஏணி வந்தது. கூடவே ஒரு ஈரத்துணியும் சின்ன வாளியில் தண்ணீரும் வந்தன.

சாமி அந்த ஏணியை விரித்த லட்சணத்தைச் சொல்லியே ஆகவேண்டும். நடுவில் இருக்கிற கம்பியை அழுத்திப் பூட்டவில்லை. மூன்று கால் தரையில், ஒரு கால் கால்மிதி மேல். வேட்டியை மடித்துக் கட்டவும் இல்லை. அது பாட்டுக்குக் காலைச் சுற்றிக்கொண்டு கூடவே ஏறியது. ஒரு கையில் துணி, ஒரு கையில் வாளி. பிடித்துக்கொள்ள மூன்றாவது கை இருந்தால்தான் உண்டு. கரண்ட் இல்லாததால் ஃபேன் நின்றிருந்ததே தவிர, சுவிட்ச் போட்டபடிதான் இருந்தது. வேண்டுமென்றே செய்தாரா, நிஜமாகவே ஏணி ஏறத் தெரியாதவரா என்று மடத்தில் இன்றைக்கும் வாக்குவாதம் நடக்கிறது.

"சாமி, பாத்துங்க," என்று அர்த்தநாரி ஓடிவந்து ஏணியை இரண்டு கையாலும் பிடித்தார்.

"ம்."

"அந்த வாளிய எங்கிட்டக் குடுங்க சாமி."

"இருக்கட்டும்."

குருவை அதட்ட முடியுமா? அர்த்தநாரி மென்று முழுங்கினார். சாமி மூன்றாம் படி ஏறினார், நான்காம் படி ஏறினார். ஐந்தாம் படியிலும் ஃபேன் இறக்கை எட்டவில்லை. ஏணி ஓர் அடி தள்ளிக் கிடந்தது. சாமி உச்சிப்படியில் ஒரு காலைத் தூக்கி வைத்தார். கையை நீட்டினார். இன்னும் நாலு விரல்கடை. அப்படியே ஒரு பக்கமாகச் சாய்ந்தார். ஏணியின் ஒரு கால் தரையை விட்டு எழும்பியது.

"மேப்படியில கால வைக்காதீய, வைக்காதீயன்னு எத்தன தடவ சொல்லுதேன்!"

வீடே அதிர்ந்தது.

"எட்டலன்னா கீழ எறங்கி ஏணியத் தள்ளிப் போட்டா கொறஞ்சா போயிருவீய? வேட்டி கால்ல கெடந்து சுத்துது, அதையும் பாக்கல. சுவிட்ச அமத்துனீயளா இல்லியா? திடீர்னு கரண்டு வந்துட்டுன்னா? ஏதாவது கூறு இருக்கா உங்களுக்கு? நீங்க பாட்டுக்கு விழுந்து கெடந்தீயன்னா, நான் யாரப் போயி..."

பாதிப் பேச்சில் அர்த்தநாரி நின்றுவிட்டார்.

காங்கேயத்துக்காரர் வாயில் தென்காசி. வெறும் பேச்சு மட்டுமா? உலகம்மாளின் அந்த இழுப்பு. கோபம் ஏற ஏறக் கீச்சென்று மேலே போகிற அந்தத் தொண்டை. திட்டித் தீர்க்கிற இடத்தில் வந்து சேருகிற அந்த அழுகை. கண்ணில் தண்ணீர் வந்ததைத் துடைக்கவும் அவர் ஏணியிலிருந்து கையை எடுக்கவில்லை. மூச்சு விட்டால்கூட அது கலைந்துவிடுமோ என்று பயமாக இருந்தது.

சாமி உச்சிப்படியிலிருந்து காலை எடுத்து மெல்ல இரண்டு படி கீழே வந்து நின்றார். ஏணி நேரானது.

"சாமி..." என்றார் அர்த்தநாரி. இப்போது வந்தது அவருடைய சொந்தக் குரல். "மன்னிச்சுருங்க சாமி. உங்களப் போயி நான்..."

"நீங்க ஏன் நடுவுல பேசறீங்க?" என்றார் சின்னச்சாமி. "அம்மா என்னமோ சொல்லிட்டிருந்தாங்க. அவங்க முடிக்கட்டும், இறங்கறேன்."