கலங்கல் கொண்டுவந்த கை

ரொம்பப் பழைய கதையில்லை, போன மாசி மாதம் நடந்தது. கபடிப் போட்டி ஒன்றை ஆடுகளத்திலிருந்து செல்போன்களுக்குக் கொண்டுபோய்ச் சேர்க்க மூன்று சகோதரிகள் இருந்தார்கள். மூத்தவள் துலக்கம். அவள் போனால் நெற்றி வியர்வைகூடத் தெரியும். நடுவில் நடுவாந்திரம், பெயருக்கேற்றவள். கடைக்குட்டி கலங்கல். அவள் கொண்டுபோகும் படத்தில் ஆள் தெரியும், முகம் தெரியாது.

ஆட்டத்தைச் சின்னச் சின்னத் துண்டுகளாக நறுக்கி வைத்திருப்பார்கள். ஒரு துண்டை மூவரில் யார் வேண்டுமானாலும் தூக்கிப் போகலாம். மூத்தவள் தூக்கினால் அது பெரிய மூட்டை, சின்னவள் தூக்கினால் கைப்பை. வழியின் அகலத்தைப் பார்த்து யார் போவதென்று சொல்பவர் செல்போனுக்குள் உட்கார்ந்திருக்கும் நிதானம்.

அன்றைக்கு அந்த செல்போன் மயிலாத்தாளின் கையில் இருந்தது. தேயிலைத் தோட்டத்து வேலைக்காரி. மகள் யாழினி இறுதி ஆட்டம் ஆடுகிறாள், இவளுக்கோ லீவு கிடைக்கவில்லை. வேலைக்குப் போக மலையேறும் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள்.

அடிவாரம் வரை துலக்கம் ராஜநடை போட்டாள். வளைவுகள் தொடங்கியதும் டவர் மெலிந்தது.

“வழி ஒடுங்குது. கலங்கல், நீ கெளம்பும்மா,” என்றார் நிதானம்.

“அந்தம்மா பாக்க வந்தது மக மொகத்த. இவகிட்ட மொகமே இல்லையே. நானே போறேன்,” என்றாள் துலக்கம்.

கலங்கலுக்குக் கோபம் வரவில்லை. அவளுக்கும் அப்படித்தான் தோன்றியது. “அக்கா சொல்றது சரிதாங்க,” என்று ஒதுங்கிக்கொண்டாள். நிதானமும் அன்றைக்கென்று பார்த்துத் தலையாட்டிவிட்டார்.

துலக்கம் மூட்டையோடு பாதி வழியில் சிக்கிக்கொண்டாள். செல்போனில் கையிருப்பாக இருந்த துண்டுகளும் தீர்ந்தன. திரையில் வட்டம் சுற்றத் தொடங்கியது.

இரண்டு அணிக்கும் சம புள்ளி. கடைசி ரெய்டு. போகப்போவது யாழினி.

“சுத்துதே சாமி,” என்றாள் மயிலாத்தாள். “எம்புள்ள இப்பத்தான் போகப்போறா.”

அந்தக் குரல் கலங்கலைச் சுட்டது. முகத்தை விடு, ஆளையாவது கொண்டுபோகலாமே என்று நினைத்தாள். யாரும் சொல்லாமலே துண்டைத் தூக்கினாள், அக்காவின் மூட்டைக்கும் வழியின் ஓரத்துக்கும் நடுவே நுழைந்து ஓடினாள்.

வட்டம் நின்றது. திரையில் பச்சையாகச் சில திட்டுகள், சிவப்பாகச் சில திட்டுகள்.

பக்கத்து சீட்டுக்காரர் எட்டிப் பார்த்தார். “இதுல உங்க பொண்ணு யாருங்க? ஒண்ணும் புரியலயே.”

கலங்கல் கூனிக் குறுகிப்போனாள். அவமானமாக இருந்தது அவளுக்கு.

அப்போது ஒரு பச்சைத் திட்டு கோட்டருகே குனிந்தது. தரையைத் தொட்டு நெற்றியில் வைத்துக்கொண்டது.

“இதா, இவதானுங்க,” என்றாள் மயிலாத்தாள். “பீச்சாங்கையில தொட்டுக் கும்புடறா பாருங்க. சோத்துக்கையில கும்புடுடீன்னு எத்தன தடவ வஞ்சிருப்பேன். கேட்டாளா?” சொல்லும்போதே கண் நிறைந்தது, சிரிப்பும் வந்தது.

பச்சைத் திட்டு உள்ளே பாய்ந்தது, ஒரு சிவப்பைத் தொட்டது, கோட்டைத் தாண்டித் திரும்பி விழுந்தது. மற்றப் பச்சைகளெல்லாம் அதன்மேல் விழுந்தன. பஸ்ஸில் நாலைந்து பேர் கைதட்டினார்கள்.

மலையுச்சியில் வழி மறுபடியும் அகன்றது. துலக்கம் யாழினியின் முகத்தைப் பளிச்சென்று கொண்டுவந்தாள், கையில் கோப்பையோடு. மயிலாத்தாள் ஆசை தீரப் பார்த்தாள். “மெலிஞ்சுட்டா,” என்றாள்.

பிறகு கட்டை விரலால் படத்தைப் பின்னுக்கு இழுத்தாள். “அந்தக் கையை இன்னொருக்காப் பாக்கோணும்.”

துலக்கம் மூட்டையைத் தூக்கப் போனாள்.

“நீ இரும்மா,” என்றார் நிதானம். “கலங்கல், உன்னத்தான் கூப்புடறாங்க.”